மிருகம் கால் எடுத்து வைக்கும் நேரம்

மனித குலம் இதுவரை சொன்ன, இனிமேல் சொல்லப்போகிற எந்தக் கதைக்கும் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. அதற்கு மேல் ஓடுவது கதையல்ல, இயக்குநரின் சொந்தத் துக்கம். இந்த உண்மையைக் கத்தரி, தயாரிப்பாளரின் அறையில் எழுந்து நின்று, ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, போர்நிறுத்தம் அறிவிக்கிறவரின் முகத்தோடு வெளியிட்டார். அறையில் மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவர் ஏசியைக் கழுவ வந்தவர். அவர்கூட ஏணியில் நின்றபடியே தலையாட்டினார்.

கத்தரி ஒரு படத்தொகுப்பாளர். இருபது படங்களை வெட்டியவர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது; அது படத்தின் தொடக்கத்தில் திரையில் வந்து போவதோடு சரி. தொழிலில் எல்லோருக்கும் அவர் கத்தரிதான். தன் கல்யாண வீடியோவையே பதினொரு நிமிடமாகக் குறைத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மாமியார் ஒரே ஒரு விநாடி வருவார். அந்த விநாடியிலும் தும்முவார்.

இப்போது வெட்ட வேண்டியிருந்தது 'ஆழத்தான்'. பழைய ஆழத்தானை எல்லோருக்கும் தெரியும். கறுப்பு வெள்ளை, எண்பத்திரண்டு நிமிடம். துறைமுகத்துக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மிருகம் வெடிச்சத்தத்தில் விழித்து, மேலே வந்து, ஊரை மிதித்து, அலுத்துப்போய், மறுபடி கடலுக்குள் போய்விடும். ரப்பர் உடைக்குள் ஒரு ஆள். முதுகில் ஜிப் தெரியும். அது மிதித்து நொறுக்கிய பாலத்தின் அடிப்பக்கத்தில் 'கவனம், கண்ணாடிப் பொருள்' என்று அச்சடித்திருக்கும். ஆனாலும் ஊர் பயந்தது.

புதிய ஆழத்தானில் ஜிப் இல்லை, அட்டைப்பெட்டி இல்லை. மழையில் நனைந்த ஒவ்வொரு கூரையும், கூரையிலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு துளியும், துளிக்குள் தலைகீழாகத் தெரிகிற தெருவிளக்கும் அத்தனை அழகு. எந்த இடத்தில் நிறுத்தினாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். நிறுத்தத்தான் முடியவில்லை. முதல் தொகுப்பு நான்கு மணி ஆறு நிமிடம் ஓடியது. மிருகம் ஏன் விழித்தது என்று ஒரு விஞ்ஞானி குடையைப் பிடித்துக்கொண்டு விளக்குவதற்கே பதினான்கு நிமிடம். மழை நின்ற பிறகும் அவர் குடையை மடக்கவில்லை.

"ரெண்டரை மணி நேரத்துக்குள்ள வந்துட்டா போதும் தம்பி" என்றார் தயாரிப்பாளர். "தியேட்டர்காரங்க அதுக்கு ஒத்துக்கிட்டாங்க."

"ரெண்டு பத்து" என்றார் கத்தரி.

"நான் ரெண்டரைனுதானே கேட்டேன்?"

"அது உங்க பெருந்தன்மை சார். ரெண்டு பத்துக்கு மேல ஒரே ஒரு ஃப்ரேம் போனாலும் படத்துல என் பேரைப் போடாதீங்க."

ஒரு ஃப்ரேம் என்பது ஒரு படம். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு ஃப்ரேம். ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் ஆறேழு போய்விடும். யாருமே கேட்காத இந்தச் சபதத்தைக் கேட்டு அறையின் மூலையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். அவர் இயக்குநர். கத்தரியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"மாப்ள, அதுல என் மூணு வருஷம் இருக்கு" என்றார் இயக்குநர்.

"தெரியுது மச்சான். மூணு வருஷமும் அப்படியே இருக்கு. அதான் பிரச்சினை."

அதோடு கத்தரி விட்டிருக்கலாம். ஆனால் கேன்டீனில் ஒளிப்பதிவாளரும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்; ஆள் கூடினால் கத்தரிக்கு நாக்கு சும்மா இருக்காது. முந்தைய படங்களில் பார்த்த மச்சானின் பழக்கம் ஒன்றை நடித்துக் காட்டினார். கிராஃபிக்ஸ் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு ஷாட்டையும் கொடுக்கும்போது முன்னால் எட்டு ஃப்ரேம், பின்னால் எட்டு ஃப்ரேம் கூடுதலாக வைத்துக் கொடுப்பார்கள். முன்னே பின்னே நகர்த்திப் பொருத்துவதற்காக. சட்டைக்குள் மடித்துத் தைத்த துணி மாதிரி. அது வெளியே தெரியக் கூடாது. மச்சான் அதையும் பிரித்துப் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டு, தாழ்வாரத்துக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கம்பெனிக்குப் போன் போட்டு, மெல்லிய குரலில் கேட்பார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?" கத்தரி தோளைக் குறுக்கி, உள்ளங்கையை நீட்டி, அப்படியே கேட்டுக் காட்டினார். "வாசப்படியில நின்னு கேக்குற மாதிரி! ஒரு டைரக்டர்! வெக்கமா இல்ல?"

ஒளிப்பதிவாளர் சிரித்து டீயைச் சிந்தினார். இயக்குநர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை வீட்டில் மனைவி கேட்டாள், "எங்க அண்ணன் போன்ல மூக்கை உறிஞ்சுறான். என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல. இனிமேதான் பண்ணப் போறேன்."

"படத்த வெட்டுங்க, என்னமோ பண்ணுங்க. ஆள வெட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை ஒரே மேசைல உக்காந்து சாப்பிடணும் நாம."

தொகுப்பு அறையில் ஜன்னல் கிடையாது. இரண்டு பெரிய திரை, ஒரு சுழல் நாற்காலி, பின்னால் ஒரு சோபா. சோபா நடுவில் குழிந்திருக்கும். இருபது படங்களின் இயக்குநர்கள் உட்கார்ந்து அழுது அழுது குழிந்தது அது. கத்தரி உதவியாளர் வைத்துக்கொள்வதில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் வெட்டு பிசகும் என்பார்.

கத்தரியின் விதி எளிமையானது. ஏதாவது நடந்தால் ஷாட் இருக்கும். எதுவும் நடக்காவிட்டால் இரண்டே விநாடி, அப்புறம் வெட்டு. இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் மூன்று வாரம் வெளியே தலை காட்டவில்லை. வெறும் துறைமுகத்தை இருபத்தைந்து விநாடி காட்டுகிற ஷாட்டா? இரண்டு. காலித் தெருவை ஒன்பது விநாடியா? இரண்டு. பச்சைச் சட்டை போட்ட ஒரு ஆள் நீளக் கம்பின் நுனியில் மஞ்சள் பந்தைச் செருகிக்கொண்டு பாலத்தின் மேல் பொடிநடையாக நடக்கிறான், பதினோரு விநாடி. கத்தரி அந்த ஆளை முக்கால் பாலத்தில் விட்டுவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட ஷாட்டுகளின் அடியில் இயக்குநரின் ஆட்கள் ஒரு குறிப்பு ஓடவிட்டிருந்தார்கள். 'ஆழத்தான் இடமிருந்து வருகிறது', 'ஆழத்தான் தலையைத் தூக்குகிறது' என்பது மாதிரி. முதல் நாளே கத்தரி அதை அணைத்துவிட்டார். எழுத்து ஓடினால் அவருக்குக் கண் உறுத்தும்.

இரண்டு மணி எட்டு நிமிடம். சொன்னதற்கும் இரண்டு நிமிடம் குறைவு. படம் அம்பு மாதிரி போனது. தயாரிப்பாளர் பார்த்துவிட்டுக் கத்தரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிருகம் இன்னும் தயாராகாத படத்தில் மிருகம் தெரியாதது அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை. இயக்குநர் சோபாக் குழியில் உட்கார்ந்து தன் மூன்று வருஷத்துக்கு மௌனமாக அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார். எதையும் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. தொகுப்பை முடித்து, இனி மாற்றமில்லை என்று பூட்டி, கிராஃபிக்ஸ் கம்பெனிக்கு அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் வந்தார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. ஆழத்தானை உருவாக்குகிற இருநூறு பேருக்குத் தலைவி. வருகிற ஒவ்வொரு ஷாட்டிலும் சிவப்பு வட்டம் போட்டு 'கவனக்குறைவு' என்று எழுதி அனுப்புகிறவர். அதனால் அந்தப் பெயர். அதிர்ந்து பேச மாட்டார். மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"சார், படத்துல ஆழத்தான் மொத்தம் மூணு நிமிஷம் நாப்பது செகண்ட் வருது."

"நல்லதுதானே. மிச்சம் வச்சுக் காட்டணும். அப்பதான் பயம் வரும்."

"அதுல முழுசா ஒரே ஒரு தடவைதான் சார் வருது. அப்பவும் முதுகு. மீதியெல்லாம்..." தாளைப் பார்த்துப் படித்தார். "முழங்கால் ஒம்பது தடவை. வால் நுனி ஆறு. மூக்குல ஒரு ஓட்டை நாலு. இடது மூக்கு."

சோபாவில் இருந்த இயக்குநர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் மிருகம் வர்ற ஷாட் எதையும் வெட்டலையே" என்றார் கத்தரி.

"ஒண்ணும் இல்லாத ஷாட்டா பாத்து வெட்டியிருக்கீங்க சார். அதுலதான் அது இருந்துச்சு. பாலத்துல அந்தப் பச்சைச் சட்டை ஆள் தூக்கிட்டுப் போன பந்துதான் அதோட தலை."

கத்தரி திரும்பி, அணைத்து வைத்திருந்த குறிப்புகளைத் திரையில் போட்டார். காலித் துறைமுகத்தின் அடியில் எழுத்து ஓடியது: 'ஆழத்தான் முதன்முதலாக எழுகிறது.' இரண்டாவது விநாடியில் ஷாட் வெட்டுப்பட்டது.

"சரி" என்றார் கத்தரி, குரல் இறங்காமல். "ரெண்டு செகண்ட் இருக்குல்ல? அதுக்குள்ள வரச் சொல்லுங்க."

"அது மலை மாதிரி ஜந்து சார். ஒரு காலைத் தூக்கி வைக்கவே நாலு செகண்ட் ஆகும். நீங்க கொடுத்தது ரெண்டு. காலைத் தூக்கிட்டு அப்படியே நிக்குது."

"வேகமா நடக்க வைங்க."

"வச்சுப் பாத்துட்டோம்."

டீச்சர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். நனைந்த நகரம். மின்னல். ஒவ்வொரு செதிலிலும் தண்ணீர் வழிகிறது. இருநூறு பேர் பதினாலு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த பேருருவம், வானத்தை மறைத்துக்கொண்டு வந்து, பாலத்தின் மேல் குடுகுடுவென்று ஓடியது. கழுத்து முன்னும் பின்னும் வெட்டிக்கொண்டது. ஒரு கட்டடத்தின் உச்சியை இரண்டு தடவை கொத்தியது.

சாட்சாத் கோழி.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் சிரிக்கிற வகை அல்ல. இயக்குநருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கத்தரி மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்தார்.

"கனமா இருக்குறது மெதுவாத்தான் நகரும் சார். வேகத்தை ஏத்தினா கனம் போயிடும். நாங்க என்ன வரைஞ்சாலும் நேரத்தை நீங்கதான் கொடுக்கணும்" என்றார் டீச்சர், கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கத்தரி விஷயத்தைப் பட்டும் படாமலும் சொன்னார். மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவ்ளோ பெரிய ஜந்துவையா பாக்காம விட்டீங்க?"

"அது அங்க இல்லடி. வரையறதுக்கு முன்னாடி எப்படித் தெரியும்?"

"எழுதி ஒட்டியிருந்தாங்கன்னு சொன்னீங்க?"

"எழுத்து உறுத்துது."

"நாளைக்குக் கடைக்கு வாங்க. ஒரு டெஸ்ட் எடுத்துடுவோம். மேல் வரிசைல யானை அளவுக்கு ஒரு எழுத்து இருக்கும், அதுல ஆரம்பிப்போம்."

பூட்டிய தொகுப்பை மறுபடி திறப்பது அந்தத் தொழிலில் சாதாரண அவமானம் அல்ல. தயாரிப்பாளரிடம் கத்தரியே போய்ச் சொன்னார். தயாரிப்பாளர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ரெண்டரை வரைக்கும் போங்க தம்பி, ஒண்ணும் குடி முழுகிடாது" என்றார். கத்தரி, "ரெண்டு பத்துதான் சார். சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். பெயர் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். கேன்டீனில் அத்தனை பேர் சிரித்தது இன்னொரு பக்கம். அந்தச் சிரிப்பு இனி எந்தத் திசையில் திரும்பும் என்று அவருக்குத் தெரியும்.

கணக்கு எளிது, நிறைவேற்றுவதுதான் கஷ்டம். ஆழத்தானின் ஒவ்வொரு காலுக்கும் நான்கு விநாடி. தலை திரும்ப ஆறு. துறைமுகத்தில் எழுவதற்கு மட்டும் இருபத்தைந்து. அத்தனையும் மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும். கதாநாயகனின் தம்பியை எடுத்தார். அவன் இல்லாமல் போனதைக் கதாநாயகனே கவனிக்கவில்லை. மேயரின் உரையை எடுத்தார். காதலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் ஒரு பார்வையை எடுத்தார். அவள் பார்ப்பாள், அவன் வேறெங்கோ பார்ப்பான், அது இன்னும் நன்றாகவே இருந்தது. அப்படியும் இரண்டு மணி இருபத்தொன்றில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

நான்காவது நாள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"விஞ்ஞானிய எடுத்துடுங்க மாப்ள."

கத்தரி நாற்காலியைச் சுழற்றினார். இயக்குநரின் கையில் கைக்குட்டை இல்லை.

"மொத்தமாவா?"

"மொத்தமா. அது ஏன் முழிச்சுதுன்னு யாருக்கு வேணும்? முழிச்சிருச்சு. அவ்ளோதானே?"

"பதினாலு நிமிஷம் மச்சான். அழுவீங்க."

"அழுதாச்சு. வீட்டுலயே அழுதுட்டுத்தான் வந்தேன்."

விஞ்ஞானி குடையோடு போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுப்போன இடத்தில் ஆழத்தான் நிதானமாகப் பாலத்தைக் கடந்தது. அதன் எடையில் பாலம் வளைவதைப் பார்க்க இப்போது நேரம் இருந்தது. கத்தரி அதை ஒருமுறை பார்த்தார். வேலைக்காக இன்னொருமுறை பார்த்தார். மூன்றாவது முறை எதற்காகப் பார்த்தார் என்று சொல்வதற்கில்லை.

கடைசியில் படம் இரண்டு மணி ஒன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடி இருபது ஃப்ரேமில் வந்து உட்கார்ந்தது. சபதத்துக்கு நான்கு ஃப்ரேம் மிச்சம். கத்தரி அந்த எண்ணைப் போனில் படம் பிடித்து ஒளிப்பதிவாளருக்கு அனுப்பினார். ஒளிப்பதிவாளர் ஒரு கும்பிடு அனுப்பினார். தயாரிப்பாளருக்கும் கத்தரி அதையே அனுப்பினார். தயாரிப்பாளர், 'இது என்ன நம்பர் தம்பி?' என்று கேட்டிருந்தார்.

வர வேண்டியது கடைசி ஷாட் மட்டும்தான். ஆழத்தான் கடலுக்குத் திரும்பிப் போகிற ஷாட். இருபத்திரண்டு விநாடி என்று முடிவாகியிருந்தது. அது ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. கத்தரியின் மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டு டப்பாவோடு இயக்குநரும் வந்தார். டப்பாவை யாரும் திறக்கவில்லை.

கத்தரி ஷாட்டை அதன் இடத்தில் வைத்து ஓட்டினார். மழை விட்டிருக்கிறது. ஆழத்தான் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடக்கிறது. இடுப்பு, முதுகு, தோள். தலை ஒருமுறைகூடத் திரும்பாது. திரும்பினால் அழுகாச்சி ஆகிவிடும் என்று கத்தரிதான் சொல்லியிருந்தார். வால் கடைசியாக உள்ளே போகிறது. வெட்டு. இருட்டு. பெயர்கள்.

"சூப்பர்" என்றார் இயக்குநர். "கச்சிதமா இருக்கு மாப்ள."

"ம்."

"முடிச்சுடலாமா?"

"ம்."

முடிக்கவில்லை. ஷாட்டின் பின்னால் வழக்கம் போல அந்த எட்டு ஃப்ரேம் இருந்தது. பிசகு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவர் வழக்கம். ஒவ்வொன்றாக நகர்த்தினார். வால் போன இடத்தில் கடலில் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு தெரு கொள்ளும் பள்ளம். அதன் விளிம்பில் நின்ற தண்ணீர், ஆறாவது ஃப்ரேமில், உள்ளே சாய ஆரம்பித்திருந்தது. ஏழாவதில் இன்னும் கொஞ்சம். எட்டாவதோடு தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

கத்தரி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இப்படி ஏழெட்டுத் தடவை. அப்புறம் சுட்டியால் ஷாட்டின் ஓரத்தைப் பிடித்து, எட்டு ஃப்ரேமையும் வெளியே இழுத்துப் படத்தில் போட்டார்.

திரையின் மூலையில் எண் மாறியது. இரண்டு மணி பத்து நிமிடம், நான்கு ஃப்ரேம்.

இயக்குநர் சோபாவிலிருந்து எழுந்து வந்து, எண்ணை உற்றுப் பார்த்தார். "மாப்ள, தாண்டிருச்சு."

"பாத்தேன்."

"வால் போனதும் கதை முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஜனங்க செருப்பத் தேடுவாங்க. நீங்கதானே சொல்வீங்க?"

"சொன்னேன்."

"உங்க பேரு போயிடும். நாலே நாலு ஃப்ரேம். எங்கயாவது எடுத்துடுங்க. அந்தப் பொண்ணு கதவத் திறக்குற இடத்துல எடுங்க, யாருக்கும் தெரியாது." சொந்தப் படத்தை வெட்டச் சொல்லி இயக்குநர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கத்தரி படத்தின் தொடக்கத்துக்குப் போனார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பெயர்கள் வந்தன. 'படத்தொகுப்பு' என்ற சொல்லும், அதன் கீழே பெற்றோர் வைத்த பெயரும். அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ரெண்டு செகண்ட் வருது மச்சான்."

"சரி?"

"எடுத்தா நாப்பத்தெட்டு ஃப்ரேம் கிடைக்கும்."

எடுத்தார். பெரிய சடங்கெல்லாம் இல்லை. ஒரு விசையைத் தட்டினார், அந்த இடம் மூடிக்கொண்டது, ஒலிப்பதிவாளரின் பெயர் இரண்டு விநாடி முன்னால் வந்துவிட்டது. இயக்குநர் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தரி எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். கேன்டீன் பக்கமிருந்து யாரோ தட்டோடு வருவதைப் பார்த்து, அவர்கள் கடந்துபோகும்வரை தீயணைப்புக் குறிப்பைப் படிப்பது போல நின்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு டீச்சருக்குப் போன் போட்டார்.

"சார், சொல்லுங்க. ஷாட்ல ஏதாவது தப்பா?"

"தப்பு ஒண்ணும் இல்ல டீச்சர். நல்லா வந்திருக்கு. அந்த வால் உள்ள போனதுக்கப்புறம்... தண்ணி மூடுதுல்ல..." இரண்டு பக்கமும் பார்த்தார். குரல் தானாக இறங்கியது. "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

டீச்சர், சிவப்பு வட்டம் போடாத குரலில், "எவ்வளவு சார் வேணும்?" என்று கேட்டார்.

"எவ்வளவு இருக்கு?" என்றார் கத்தரி.